ஐரோப்பாவில் ஒரே ஒரு ஊர் என்றால் எதுங்க? அய்யனையும் அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும்

காரணம்பேட்டை தறிக்காரர் மகன்:

வணக்கமுங்க. வருகிற மே மாதம் அய்யனையும் அம்மாவையும் ஐரோப்பா கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அய்யனுக்கு 66, அம்மாவுக்கு 61. இரண்டு பேரும் இதுவரை விமானம் ஏறியது ஒரே தடவை, காசிக்குப் போனபோது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்க ஐரோப்பாவில் இருக்கிற பையர்களுக்கு மெயில் போடுகிற ஆள், ஆனால் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஹாம்பர்க் என்றால் எனக்கு ஷிப்மென்ட் தேதிதான் நினைவுக்கு வரும். அங்கே மனிதர்கள் குடியிருப்பார்கள் என்பதே மறந்துவிடும்.

டூர் கம்பெனியில் கேட்டேன். 11 நாளில் 8 நாடு என்று ஒரு தாளை நீட்டினார்கள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் அதில் வாத்திகன் ஒரு நாடு, லீக்டன்ஸ்டைன் ஒரு நாடு. லீக்டன்ஸ்டைனில் மதியச் சோற்றுக்கு இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தினமும் காலை ஆறரைக்குப் பெட்டியோடு கீழே வந்து நிற்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி வேறு.

அய்யன் முப்பது வருடம் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டினவர். மூன்று வருடம் முன்னால் கட்டுப்படியாகாமல் எல்லாவற்றையும் பழைய இரும்பு எடைக்குப் போட்டார். அன்றிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை என்று மார்கழியிலும் ஃபேனை ஐந்தில் வைத்துத்தான் படுக்கிறார். எங்கேயாவது கூட்டிப்போனால் தேவலை என்று தோன்றியது அதனால்தான்.

நீங்கள் போனதிலேயே உங்களுக்குப் பிடித்த ஊர் எது, ஏன் பிடித்தது? பட்டியல் வேண்டாம், ஒரு ஊர் போதும். "ஊட்டியைவிடவா" என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து ஊட்டிக்கே போய்விடுங்கள்.

சிறுவாணித் தண்ணி:

தம்பி, கண்ணை மூடிக்கொண்டு வியன்னா.

நான் குடிநீர் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவன். சிறுவாணித் தண்ணீர் உலகத்திலேயே இரண்டாவது ருசி என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள், இல்லையா? முதலாவது எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மகள் வீட்டுக்கு வியன்னா போனபோது சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். சரி, அந்த முதலாவது இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருகிறது. 1873இல் முதல் குழாய்த்தடம் திறந்தார்கள். 90 கிலோமீட்டருக்கு மேல், பம்பு கிடையாது, சரிவிலேயே இறங்கி ஊருக்குள் வருகிறது. அதற்கு முன்னால் அங்கே கிணற்றுத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்து காலராவிலும் டைபாய்டிலும் ஜனங்கள் செத்திருக்கிறார்கள். மலையிலிருந்து கொண்டுவரலாம் என்று விடாப்பிடியாக நின்றவர் எடுவர்ட் சூயஸ் என்ற நிலவியல் பேராசிரியர். பள்ளிக்கூடத்தில் கோண்ட்வானா நிலம் என்று படித்தோமே, அந்தப் பெயரை வைத்ததும் இவர்தான். 1910இல் இன்னொரு தடமும் போட்டார்கள். தண்ணீர் ஊருக்கு வந்து சேர்ந்த சந்தோஷத்துக்குக் கட்டிய பெரிய நீரூற்று ஷ்வார்ட்சன்பெர்க் சதுக்கத்தில் இன்றும் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் அரண்மனை பார்க்கப் போனார்கள், நான் அந்த நீரூற்றுக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

காபிக் கடையில் காபி கேட்டால் சின்னத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரையும் சேர்த்து வைப்பார்கள். கேட்காமலேயே தண்ணீர் வைக்கிற ஊர் எனக்கு நம் ஊர் மாதிரி. டிராமில் ஏற இறங்க வயசானவர்களுக்குச் சுலபம். ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தில் அம்மா பாதி தூரம் நடந்தால் போதும், மீதியை உட்கார்ந்தே பார்க்கலாம்.

கரூர் டவல்:

அண்ணன் சொன்னது சரி, வியன்னா நல்ல ஊர். எது நல்ல ஊர் இல்லை என்று சொல்ல நான் வந்தேன்.

ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத்துணிக் கண்காட்சிக்காக ஆறு வருடம் ஜனவரியில் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் போயிருக்கிறேன். கரூரில் பாதிப் பேர் போன ஒரே வெளிநாடு அதுதான். சாம்பிள் பெட்சீட் நிறைந்த இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு பனியில் நடந்தது தவிர அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கண்காட்சி வாரத்தில் ரூம் வாடகை முகூர்த்த நாள் மண்டபம் மாதிரி ஏறிவிடும். ரயில் நிலையத்தைச் சுற்றி ராத்திரியில் குடும்பத்தோடு நடக்க வேண்டாம்.

ஒரு வருடம் கடைசி நாள் ஸ்டாலை சீக்கிரம் கட்டிவிட்டு லோக்கல் ரயிலில் மைன்ஸ் போனேன். குட்டன்பெர்க் பிறந்த ஊர். ரைன் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். பையர் யாரும் இல்லை, விலை கேட்க ஆள் இல்லை. எனக்குப் பிடித்த ஊர் அதுதான், ஆனால் அதற்காக யாரையும் அங்கே அனுப்ப மாட்டேன்.

பீளமேடு மில் பேரன்:

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிக்கொள்கிற ஊர்க்காரர்கள் அசல் மான்செஸ்டரை மறந்தால் எப்படிங்க? 1830இல் பயணிகள் ரயில் புறப்பட்ட லிவர்பூல் ரோடு ஸ்டேஷன் கட்டடம் அப்படியே நிற்கிறது. ஆன்கோட்ஸ் பக்கம் பழைய மில்கள் இப்போது அபார்ட்மென்ட். பீளமேட்டில் பார்த்த கதையேதான், ஆனால் அவர்கள் செங்கல்லை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஸ்டைல் கிராமத்தில் குவாரி பேங்க் மில் இருக்கிறது, 1784இல் ஆரம்பித்தது. அங்கே தறி ஓட்டிக் காட்டுவார்கள், உங்கள் அய்யனுக்கு வேண்டிய சத்தம் கிடைக்கும். ஒன்றே ஒன்று, பிரிட்டனுக்குத் தனி விசா. குடையும் வேண்டும்.

சென்னிமலைக்காரன்:

தறியை எடைக்குப் போட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் அய்யனை லியோனுக்குக் கூட்டிப்போங்கள். பிரான்சில் இருக்கிறது.

நான் போனது சுற்றிப் பார்க்க இல்லை. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சர்வீஸ் வேலை, மூன்று மாதம் லியோனுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் போட்டார்கள். தங்க ஏற்பாடு செய்தவர்கள் வைத்த அறையில் ஹீட்டர் ஓடவில்லை, முதல் வாரம் கம்பளியோடு சென்னிமலைப் போர்வை ஒன்றையும் போர்த்திக்கொண்டு படுத்தேன். அம்மா திணித்து அனுப்பியது. அப்போது எனக்குத் தெரியாது, அந்தப் போர்வையில் இருக்கிற பூவுக்குச் சொந்த ஊர் அதுதான் என்று.

எங்கள் வீட்டில் கைத்தறி. அப்பா நெய்வார், பெரியப்பா அட்டை அடிப்பார். ஜக்கார்டு தெரியாதவர்களுக்கு: தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும், ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாலை மாதிரி அதில் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் விட்டுவிடும். ஒரு மிதிக்கு ஒரு அட்டை. பூவோ மயிலோ எல்லாம் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது. சின்ன வயதில் பழைய அட்டையைக் கண்ணில் வைத்து அந்த ஓட்டை வழியாக வெயிலைப் பார்ப்போம். ஜக்கார்டு என்பது ஏதோ இங்கிலீஷ் வார்த்தை, டிராக்டர் மாதிரி, என்று இருபது வருடம் நினைத்திருந்தேன்.

அது ஒரு ஆள் பெயர். ஜோசப் மரி ஜக்கார்டு, 1752இல் லியோனில் பிறந்தவர், அவர் அப்பாவும் நெசவாளி. 1804இல் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். அந்த ஊரில் க்ருவா ரூஸ் என்று ஒரு மேடு. பட்டு நெசவாளிகள் குடியிருந்த பகுதி. சதுக்கத்தில் ஜக்கார்டுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தலைவர்களுக்கு வைக்கிற மாதிரி, தறிப்பெட்டி செய்தவனுக்குச் சிலை! சும்மா கீழே நின்று ஒரு கும்பிடு போட்டேன், யாரும் பார்க்கவில்லை.

அந்த மேட்டுக்குப் போகிற மெட்ரோவே ஒரு வேடிக்கை. சரிவு அதிகம் என்பதால் நடுவில் பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் ஊட்டி ரயில் ஏறுமே, அதே வித்தை, ஆனால் சுரங்கத்துக்குள்ளே. மேலே வீடுகள் ஐந்தாறு மாடி, ஒவ்வொரு தளமும் நான்கு மீட்டர் உயரம், ஜன்னல் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. பணக்காரத்தனம் இல்லை. தறியும் அதன் மேல் ஜக்கார்டு பெட்டியும் நிற்க அவ்வளவு உயரம் வேண்டும், நூல் தெரிய வெளிச்சம் வேண்டும். எங்கள் வீட்டில் இடம் பற்றாமல் அப்பா ஓட்டைப் பிரித்து உத்தரத்தைத் தூக்கிக் கட்டியது ஞாபகம் வந்தது. அந்தத் தெருவில் வீடுகளுக்குள்ளேயே புகுந்து வெளியே வருகிற சந்துகள் உண்டு, திரபூல் என்பார்கள். மழையில் நனையாமல் துணியைக் கீழே வியாபாரியிடம் கொண்டுபோக வசதி.

அங்கே நெசவாளர் மியூசியம் ஒன்று இருக்கிறது. ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், தறியில் உட்கார்ந்து நெய்து காட்டினார். நான் வீடியோ கால் போட்டேன். நம் ஊரில் பொழுது சாய்கிற நேரம், அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "துணி மேல காட்டு. இன்னும் கிட்ட. அட, இடது பக்கம் கோடு ஓடுது பாரு, பாவுல ஒரு இழை அறுந்திருக்குது, அந்தம்மா கவனிக்காம ஓட்டுது."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்கள் நிற்கிறார்கள். ஆனாலும் கை காட்டி, உடைந்த இங்கிலீஷில், இந்தியாவிலிருந்து என் அப்பா சொல்கிறார் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். சிரித்துவிட்டு எழுந்து பின்னால் போய், இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார். நம் பெண்கள் போடுகிற அதே முடிச்சு, கட்டை விரலில் சுற்றி. திரும்பி வந்து போனைப் பார்த்து என்னவோ பிரெஞ்சில் சொன்னார். அப்பா, "சேரிங்கம்மா" என்றார்.

இன்னொன்றும் உங்கள் அய்யனுக்குச் சொல்லுங்கள். 1831இல் இந்த நெசவாளிகள் துணிக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். அரசாங்க அதிகாரி நடுவில் உட்கார்ந்து ரேட் பேசி முடித்தார். வியாபாரிகளில் சிலர் அந்த ரேட்டைக் கொடுக்க முடியாது என்றார்கள். ஊரே எழுந்து, நெசவாளிகள் நகரத்தையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள், பிறகு பட்டாளம் வந்து அடக்கியது. 1834இல் மறுபடியும் எழுந்தார்கள், மறுபடியும் அடக்கினார்கள். பேசி முடித்த கூலி கைக்கு வராது என்பது சோமனூர்க்காரருக்கும் காரணம்பேட்டைக்காரருக்கும் புதுக் கதையா?

ஊர் முனையில் ரோன் ஆறும் சோன் ஆறும் கூடுகின்றன. எனக்கு அம்மாயி ஊர் பவானி, ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் முங்கி வளர்ந்தவன். இரண்டு ஆற்றுக்கும் நிறம் வேறு, கலந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனியாகப் போகும். அங்கே கோவில் கிடையாது, 2014இல் திறந்த, கண்ணாடியில் கட்டிய ஒரு மியூசியம் இருக்கிறது. படித்துறை இல்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

பெருந்துறை அக்கா:

கதை நன்றாக இருக்கிறது தம்பி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நடப்பைச் சொல்கிறேன். ஊருக்கு வந்ததும் ஒறம்பரை கேட்கிற முதல் கேள்வி "ஈஃபில் டவர் பார்த்தீங்களா?" என்பதுதான். லியோன் பார்த்தோம் என்றால், அது எந்த டவர் என்பார்கள். என் மாமியார் அந்த ஒரு போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார், எங்கள் கல்யாணப் போட்டோ உள் ரூமுக்குப் போய்விட்டது. ராத்திரியில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மினுக்கும், அதை மட்டும் காட்டிவிடுங்கள். கீழே கையெழுத்துக் கேட்டு அட்டையோடு வருகிற பெண்களிடம் நிற்க வேண்டாம், ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி கைப்பையைத் திறப்பாள். சோறு வேண்டும் என்றால் லா சப்பெல் பக்கம் போங்கள். இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

காரணம்பேட்டை தறிக்காரர் மகன்:

எல்லோருக்கும் நன்றிங்க. சென்னிமலை அண்ணா, மேடு என்கிறீர்கள், சந்து என்கிறீர்கள், அம்மா முட்டியை நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்புறம் இரண்டு பேருமே சைவம். விசா எந்த நாட்டுக்குப் போடுவது?

சென்னிமலைக்காரன்:

முட்டிக்கு ஒரு வழி இருக்கிறது. மெட்ரோவில் மேலே ஏறிவிடுங்கள், சதுக்கம் சமதளம்தான், மியூசியம் அங்கிருந்து கொஞ்ச தூரம். கீழே இறங்குகிற படிக்கட்டில் அம்மாவை இறக்க வேண்டாம், அதே மெட்ரோவில் திரும்பிவிடுங்கள். எதிர்மேட்டில் ஃபூர்வியேர் தேவாலயத்துக்கும் இழுவை ரயில் உண்டு. மியூசியம் திறந்திருக்கிற நாளையும் நெய்து காட்டுகிற நேரத்தையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மே 1 மட்டும் வேண்டாம், ஊரே மூடிக்கிடக்கும்.

சைவத்துக்கு அந்த ஊர் மோசம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர், ஆனால் எல்லாம் கறி, குடல், வெண்ணெய். ஒரு கடையில் காய்கறி மட்டும் கேட்டதற்கு வேகவைத்த உருளைக்கிழங்கைப் பன்றிக்கறித் துண்டு தூவிக் கொண்டுவந்தார்கள். சமையலறையோடு வீடு எடுங்கள். அரிசி, துவரம் பருப்பு, ஒரு சின்ன குக்கர் இருந்தால் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிவிடலாம். க்ருவா ரூஸ் மேட்டிலேயே காலையில் சந்தை போடுவார்கள், திங்கட்கிழமை தவிர. தக்காளி நாம் நினைக்கிற புளிப்பு இருக்காது, அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விசா ஷெங்கன், ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குப் போட வேண்டும், உங்களுக்கு பிரான்ஸ். ஆளுக்கு 90 யூரோ, இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். 15 நாளுக்கு முன்னால் என்பது கடைசிக் கெடு, நீங்கள் மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள்.

அக்கா சொன்னதும் நியாயம்தான். பாரிஸில் நான்கு நாள் இருந்து டவர் போட்டோ எடுத்துவிட்டு, வேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லியோன். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போவதைவிடக் கொஞ்சம்தான் கூட, தூரம் நான்கு மடங்குக்கு மேல். டிக்கெட் சீக்கிரம் எடுத்தால் மலிவு. லியோனில் ஐந்து நாள். மீதி இருந்தால் அண்ணனுடைய வியன்னாத் தண்ணீர்.

காரணம்பேட்டை தறிக்காரர் மகன்:

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அய்யனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். டவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. வியன்னாத் தண்ணீருக்கு, "நம்ம சிறுவாணி வராதா அதுக்கு?" என்றார். உங்கள் அப்பா இழை அறுந்ததைக் கண்டுபிடித்த இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கை காயக் காய உட்கார்ந்திருந்தவர் கடைசியில் கேட்டது: "அந்தம்மாளுக்கு மீட்டருக்கு என்ன கூலி குடுக்கறாங்களாமா?"

சென்னிமலைக்காரன்:

அது நான் கேட்கவில்லைங்க. அய்யனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எடுத்தாச்சா?

காரணம்பேட்டை தறிக்காரர் மகன்:

காசி போனதுக்கு எதற்குங்க பாஸ்போர்ட். திங்கட்கிழமை கோயமுத்தூர் போகிறோம்.